கண்ணாடிக்குப் பின்னால் பார்த்த மாப்பிள்ளை

குருண்,
சனிக்கிழமை காலை.

பாலிங்கில் இருக்கும், அன்பும் கோபமும் நிறைந்த என் அக்கா ராக்காயி அம்மாள் அவர்கள் பாதத்தில் தம்பி இருளப்பன் விழுந்து எழுந்து எழுதிக்கொள்வது. இங்கு நானும் ரமணியும் மகள் காஞ்சனாவும் சுகம். தங்கள் முட்டிவலியும் தங்கள் ஆடுகளும் எப்படி என்று அறிய ஆவல். விழுந்து எழுந்து என்று எழுதியது சும்மா மரியாதைக்கு இல்லை. நேற்று நிஜமாகவே இரண்டு தடவை விழுந்தேன். ஒரு தடவை படகுக்குள், ஒரு தடவை படகுக்கு வெளியே.

தீபாவளியிலிருந்து தாங்கள் என் போனை எடுப்பதில்லை என்பதால்தான் இந்தத் தபால். தங்கள் கொழுந்தன் மகன் சுகுமாரனுக்குக் காஞ்சனாவைக் கொடுப்பதாக நான் சம்மதித்தேன் என்கிறீர்கள். தலையை ஆட்டியது உண்மை. வாயில் முறுக்கு இருந்தது, அக்கா. ‘வேற எடத்துல குடுத்தா என்ன அக்கான்னு கூப்பிடாத’ என்று சொல்லிவிட்டுத் தாங்கள் வைத்த போன், வைத்ததுதான். கூடப் பிறந்தது என்று எனக்கு இருப்பது நீ ஒருத்தி. பயந்து பயந்துதான் எழுதுகிறேன்.

காஞ்சனா ஆசைப்படும் பையன் பெயர் யோகேஸ்வரன். லங்காவிக்கு அந்தப் பக்கம் ஒரு குட்டித் தீவில் முத்துப் பண்ணை இருக்கிறதாம், அங்கே சிப்பிக்கு ஆப்பரேஷன் செய்கிறானாம். “சிப்பி அறுக்கிறவனுக்கா பொண்ணு? பாசார்ல மீன் வெட்டுறவன்னு நேரா சொல்லேன்” என்று கத்தினேன். போட்டோ காட்டினாள், முகத்தைத் திருப்பிக்கொண்டேன். ரமணிதான் என்னைத் தனியாக இழுத்துப் போய், “பாக்காமலே வேணாங்கிறதுக்கு, போய்ப் பாத்துட்டு வேணாம்னு சொல்லுங்களேன். அதுல ஒரு மரியாத இருக்குல்ல?” என்றாள். அதுவும் சரிதான் என்று, மகளிடம் கோயிலுக்குப் போகிறோம் என்று சொல்லிவிட்டு நேற்று குவாலா கெடாவில் ஃபெர்ரி ஏறினோம்.

அந்தப் பண்ணையைச் சுற்றிப் பார்க்க வெளியாட்களை டிக்கெட் போட்டு விடுகிறார்கள். பெண் வீட்டார் என்று தெரியக்கூடாதே என்று பதிவேட்டில் என் பெயரைச் சீனிவாசகம் என்று எழுதினேன், அங்கே பிடித்தது சனி, மிதவைச் சட்டை என் வயிற்றைச் சுற்றி எட்டவில்லை, சின்னப் படகுக்குள் குதித்ததில் முதல் விழுதல், பண்ணையில் இறங்கக் காலைத் தூக்கியதும் படகு ஒரு பக்கம் போக, நான் ஒரு பக்கம் போக, வேட்டி மூன்றாவது பக்கம் போனது, “சீனிவாசகம் அங்கிள், கையக் குடுங்க! சீனிவாசகம் அங்கிள்!” என்று மேலே எல்லாரும் அலறுகிறார்கள், நானும் தண்ணீரில் மிதந்துகொண்டே, ஐயோ பாவம் இன்னொருத்தரும் விழுந்துவிட்டார் போல என்று அந்தச் சீனிவாசகத்தைத் தேடுகிறேன், கடைசியில் ரமணி, “அது நீங்கதான்யா!” என்று போட்ட சத்தத்தில்தான் எனக்கு நினைவு வந்தது. பண்ணைக்காரர்கள் இடுப்பில் கட்டிக்கொள்ள ஒரு சாரோங் கொடுத்தார்கள். பூப்போட்டது.

அக்கா, இனிமேல் எழுதுவதை நிதானமாகப் படி. ஒரு கண்ணாடி அறைக்கு முன்னால் எங்களை நிறுத்தினார்கள். “சிப்பிக்குள்ள முத்து வளர உருண்ட வைக்கிறவங்க நம்ம தமிழாளுங்கதான் அங்கிள்” என்றாள் சுற்றிக்காட்டும் பெண். நான் கண்ணாடியில் மூக்கை ஒட்டினேன். உள்ளே ஒரே ஓர் ஆள். வேறு யார், அவனேதான். தொப்பி, முகமூடி, நீல அங்கி. தெரிந்தது இரண்டு கண்ணும் இரண்டு கையும்தான். சிப்பியின் வாயை ஒரு சின்ன ஆப்பு வைத்துத் திறந்து நிறுத்தியிருந்தது. கத்தி உள்ளே போனது. ஒரே கீறல். இன்னொரு சிப்பியிலிருந்து எடுத்த பொட்டளவு சதையை உள்ளே வைத்து, அதை ஒட்டி வெள்ளை உருண்டை ஒன்றை வைத்து, ஆப்பை எடுத்ததும் சிப்பி வாயை மூடிக்கொண்டது.

எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது. அது என் வேலை அக்கா! முப்பத்தொரு வருஷம் தோட்டத்து நாற்றங்காலில் ரப்பர் கன்றுக்கு ஒட்டுக் கட்டியவன் நான். கன்றின் பட்டையை வெட்டித் திறந்து, நல்ல மரத்து மொட்டுக் கண்ணை உள்ளே செருகி, கட்டுப் போட்டு, இருபத்தொரு நாள் கழித்துப் பிரித்து, பச்சை பிடித்ததா என்று சுரண்டிப் பார்ப்பேன். அந்த இருபத்தொரு நாளே எனக்குப் பொறுக்காது. இவர்கள் சிப்பியை வலைக்கூட்டில் வைத்துக் கடலுக்குள் இறக்கிவிட்டு இரண்டு வருஷம் காத்திருக்கிறார்கள். கொஞ்சம் செத்துப்போகுமாம், கொஞ்சம் உருண்டையைத் துப்பிவிடுமாம், மிச்சம்தான் முத்தாம். இப்படியும் ஒரு பொறுமை உலகத்தில் இருக்கிறதா என்று வாயைப் பிளந்து நின்றேன். என்னை அறியாமல் கண்ணாடியைத் தட்டி, “ஆழமா போயிடாத தம்பி, ஆழமா போயிடாத!” என்று கத்திவிட்டேன். “அங்கிள், தட்டாதீங்கலா! உள்ள கை நடுங்கிடும்” என்று அந்தப் பெண் என்னைப் பிடித்து இழுத்தாள். நடுங்கவில்லை. கண் மட்டும் நிமிர்ந்து என்னைப் பார்த்துச் சிரித்தது. கை அடுத்த சிப்பியை எடுத்தது. முருகா, என்ன கை!

கடைசியில் ஆளுக்கொரு சிப்பியைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். அதைப் பிளந்து, உள்ளே இருக்கும் முத்தைக் கொடுப்பார்களாம். ரமணி ஒன்றை எடுத்து, இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு, “வெள்ளிக்கிழமையும் அதுவுமா ஒரு உசுரப் பொளக்கச் சொல்ல மாட்டேன்” என்றாள். “ஆன்ட்டி, உள்ள முத்து இருக்கும்” என்றாள் அந்தப் பெண். “இருக்கட்டும்மா. அது அங்கயே இருக்கட்டும்.” பண்ணை ஆட்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பிறகு அதைத் திரும்பக் கூட்டில் வைத்துக் கடலுக்குள் இறக்கினார்கள். முப்பது வருஷம் குடும்பம் நடத்திய பெண்டாட்டியை நேற்றுத்தான் புதிதாகப் பார்த்தேன்.

ஆகவே அக்கா, முடிவு எடுத்துவிட்டேன். பையனின் முகத்தைப் பார்க்கவில்லை, பேசவில்லை, சம்பளம் கேட்கவில்லை. கையைப் பார்த்தேன், போதும். வாயில்லாத ஒன்றை அவ்வளவு நோகாமல் தொடுகிறவன், வாயுள்ள என் மகளை நோகவிட மாட்டான். இனி யார் தடுத்தாலும் கேட்க மாட்டேன், நீ தடுத்தாலும். தை பிறந்ததும் பரிசம். நீ முன்னால் வந்து நிற்க வேண்டும். வராவிட்டால் நான் அழுவேன், அது வேறு விஷயம். கல்யாணம் நடக்கும்.

மாமாவுக்கு என் வணக்கம். சுகுமாரனிடம் என் மன்னிப்பைச் சொல்லவும். முனியாண்டி சாமி தங்கள் ஆயுசைக் கூட்டி, கோபத்தைக் குறைத்துக் காப்பாற்றட்டும்.

இப்படிக்கு,
முடிவில் மாறாத தம்பி,
இருளப்பன்

பி.கு.: உறை தேடி உள்ளே போன நேரத்தில் காஞ்சனா இதைப் படித்துவிட்டாள். தரையில் உட்கார்ந்து சிரிக்கிறாள். கண்ணாடிக்குப் பின்னால் இருந்தது யோகேஸ்வரன் இல்லையாம். நளினியாம். இரண்டு பிள்ளைக்குத் தாயாம். இவனுக்கே அவர்தான் வேலை பழக்குகிறாராம். இவன் இன்னும் பத்துக்கு நாலு சிப்பியைக் கொன்றுகொண்டிருக்கிறானாம். சரி, நேற்று இவன் எங்கே போய்த் தொலைந்தான் என்று கேட்டேன். லீவு போட்டுவிட்டுப் பாலிங்குக்குப் போனானாம். “அத்த சரின்னாதான் நீங்க சரிம்பீங்கன்னு நாந்தான்பா அனுப்புனேன்” என்கிறாள். உன் வீட்டில் எடுத்த படத்தையும் காட்டினாள். இலைக்கு முன்னால் ஒரு பையன் உட்கார்ந்திருக்கிறான். நீ குனிந்து சாம்பார் ஊற்றுகிறாய். வாயெல்லாம் பல்லாகச் சிரிக்கிறாய். அக்கா, எனக்கு அவனைப் பற்றி ஒன்றுமே தெரியாது. பார்த்தவள் நீதான். முடிவு உன்னுடையது. சரி என்று மட்டும் சொல்லிவிடு.