இன்ச்டேப்பும் ஆறு கல்யாணப் புடவைகளும்

இன்ச்டேப்பின் கையில் அகப்படாத உடம்பு எங்கள் ஆவடி குவார்ட்டர்ஸில் ஒன்றே ஒன்றுதான். அது அவளைப் பெற்ற அப்பாவின் உடம்பு. மற்றபடி பால்காரர், போஸ்ட்மேன், வீடு மந்திரிக்க வந்த பங்குச் சாமியார் வரை யாரும் தப்பியதில்லை. அவளுக்கு ஞானஸ்நானப் பெயர் ஒன்று இருந்தது. அதைச் சொன்னால் தெருவில் ஒருவருக்கும் தெரியாது. கழுத்தில் சங்கிலி இருக்கிறதோ இல்லையோ, மஞ்சள் டேப் தொங்கும். அதனால் இன்ச்டேப்.

நான் அவளுக்கு எதிர்வீடு, ஒரே வயசு. என்னைப் பெண் பார்க்க வந்த அன்று, நான் காபித் தட்டில் டம்ளர்களை அடுக்கிக்கொண்டிருந்தபோது சமையற்கட்டுக்குள் ஓடிவந்தாள்.

“ஆளு ஓகேடி. ஆனா லெஃப்ட் தோளு கால் இன்ச் எறக்கமா கீது. நல்லா ரோசன பண்ணிக்கோ.”

“கண்ணாலயே அளந்தியா?”

“கண்ணுக்கு அவ்ளோ தெரியுமா இன்னா? சட்டைல நூலு ஒட்டிகினு கீதுன்னு சொல்லி டேப்ப வச்சிட்டேன்.”

நான் யோசிக்கவில்லை, கட்டிக்கொண்டேன். இன்றுவரை என் வீட்டுக்காரர் போடும் எந்தச் சட்டையும் இடது பக்கம்தான் சரிகிறது.

அவள் அப்பா ராணுவத்துக்கு உடுப்பு தைக்கும் தொழிற்சாலையில் கட்டிங் மாஸ்டர். திருநெல்வேலிக்காரர். மகள் டேப்போடு பக்கத்தில் வந்தாலே, “ஏட்டி, என்னைய அளக்கதுக்கு இன்னும் ஒருத்தி பொறக்கல” என்று விரட்டிவிடுவார். அந்த மனுஷரிடம் போய், பட்டணத்துக் கல்லூரியில் ஃபேஷன் டிசைனிங் படிக்கிறேன் என்றாள். அது தொண்ணூறுகளின் ஆரம்பம். தையல் கற்றுக்கொள்ளக் காலேஜா என்று தெருவே சிரித்தது. மூன்று நாள் சாப்பிடாமல் கிடந்து சம்மதம் வாங்கினாள். ஆனால் அப்பா ஒரு கண்டிஷன் போட்டார்.

“கடைசிப் பரீட்சையில தேறினா வேலைக்குப் போ. தேறலன்னா பாளையங்கோட்டை மாப்பிள்ளைதான். கோயில்ல ஓலை வாசிக்கச் சொல்லிருவேன், பாத்துக்க.”

மூன்று ஞாயிறு பூசையில் இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம் என்று ஓலை வாசித்துவிட்டால் அப்புறம் பேச்சு ஏது? இன்ச்டேப் விழுந்து விழுந்து படித்தாள்.

கடைசிப் பரீட்சைக்குப் பாரம்பரியத்தை வைத்து ஆறு உடுப்பு தைத்து மேடையில் காட்ட வேண்டும். கூடப் படித்த பெண்களெல்லாம் கோயில் கோபுரம், ராஜா ராணி என்று வரையக் கிளம்பிவிட்டார்கள். இவள் என் வீட்டு வாசற்படியில் உட்கார்ந்து புலம்பினாள்.

“நம்ம குவார்ட்டர்ஸ்ல இன்னாடி பாரம்பரியம் கீது? இருக்கறதுலயே பழசு தண்ணி டேங்க்குதான். அதுக்கும் என் வயசுதான்.”

மறுநாளே வழி கண்டுபிடித்தாள். ஊர் ஊராக வந்து குடியேறிய குடும்பங்கள் நாங்கள். ஒவ்வொரு வீட்டு டிரங்குப் பெட்டியிலும் ஒரு கல்யாணப் புடவை இருக்கும்; ஆறு ஊருக்கு ஆறு புடவை, ஆறு உடுப்பு.

போட்டிக்கு ஒரு ஆள் இருந்தார் என்பதுதான் சங்கடம். பழைய பட்டுக்கு எவர்சில்வர் தரும் பாத்திரக்காரர். என் அம்மா தன் கூரைப்புடவையைக் காட்டி இட்லிக் குண்டானுக்கு அவரிடம் பேரம் முடிக்கிற நேரம், இன்ச்டேப் மூச்சிரைக்க வந்து நின்றாள்.

“ஆன்ட்டி, அத்த எனக்குக் குடு. நான் குண்டான் தர்றேன்.”

“நீ எங்கடி குண்டானுக்குப் போவ?”

பத்து நிமிஷத்தில் குண்டான் வந்தது. உள்ளே இட்லி வெந்துகொண்டிருந்த சூடுகூட ஆறவில்லை. இப்படியே அவள் வீட்டுக் குடம், தூக்குவாளி, முறுக்கு அச்சு எல்லாம் தெருவில் ஆளுக்கு ஒன்றாகப் போய்ச் சேர்ந்தன. அவள் அம்மா கண்டுபிடித்தபோது வீட்டில் ஒரு தோசைக்கல்தான் பாக்கி. மூன்று வாரம் அந்த வீட்டில் காலையும் ராத்திரியும் தோசை.

ஆறு புடவைக்கும் கழுத்து வேறு, கை வேறு, நீளம் வேறு என்று ஆறு படம் வரைந்து வைத்தாள். பரீட்சைக்கு மூன்று நாள் இருக்கும்போது, முதலில் பழந்துணியில் தைத்துப் பார்க்கையில், மெஷின் ஊசி அவள் ஆள்காட்டி விரலில் நகத்தோடு இறங்கிவிட்டது. கட்டுப் போட்ட கையோடு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். பாளையங்கோட்டைக்கு டிக்கெட் எடுத்தாயிற்று என்றுதான் நாங்கள் நினைத்தோம்.

அப்பா வந்து படங்களைப் பார்த்தார். “அழாதட்டி. நாளைக்கு ஞாயித்துக்கிழமைதான? ஆளுகளக் கூட்டிட்டு வாரேன்.”

பூசை முடிந்ததும் தொழிற்சாலைத் தோழர்கள் நாலு பேர் வந்தார்கள். இன்ச்டேப் வலி மாத்திரை போட்டுத் தூங்கினாள். சாயங்காலம் எழுந்து வந்தவள் ‘ஆ’ என்று அலறினாள். கொடியில் ஆறு உடுப்பு தொங்கின. ஆறும் ஒரே உடுப்பு! முழங்கால் வரை கோட்டு, மார்பில் மூடி வைத்த இரண்டு பை, தோளில் பட்டி. ஆறு புடவையையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஒரே வெட்டில் வெட்டியிருந்தார்கள். உட்பக்கம் சைஸ் நம்பர்கூடப் போட்டிருந்தார்கள்.

“ஒரு நூல் வித்தியாசம் காட்டு பாப்போம்,” என்றார் அப்பா பெருமையாக.

“அப்பா, ஆறு படம் குடுத்தேனே!”

“ஒண்ணை எடுத்துக்கிட்டேன். சாம்பிள் ஒண்ணு அப்ரூவ் ஆச்சுன்னா மத்தது அம்புட்டும் அதே மாதிரிதான வரணும்?” சொல்லிக்கொண்டே வந்தவர் மகள் முகத்தைப் பார்த்தார். அவர் குரல் இறங்கிவிட்டது. “ஏட்டி, தப்பா?”

என் அம்மாகூட, “மனுஷன் வேணும்னே செஞ்சிருப்பாரோ?” என்றாள். நான் அவர் முகத்தைப் பார்த்தவள். பாவம், அந்த முகத்துக்குச் சூது தெரியாது.

பரீட்சையன்று ரயிலில் அவளோடு நானும் போனேன். அப்பா அடுத்த பெட்டியில் ஏறிக்கொண்டார். இன்ச்டேப் அம்பத்தூர் வரை அழுதாள். கொரட்டூர் வரை அப்பாவைத் திட்டினாள். வில்லிவாக்கத்தில் மடியிலிருந்த ஆறு உடுப்பையும் தடவிப் பார்க்க ஆரம்பித்தாள்.

மேடையில் ஆறு பெண்கள் வரிசையாக வந்து நின்றார்கள். பரீட்சை பார்க்க வந்த அம்மாள் மூக்குக்கண்ணாடியை இறக்கினார்.

“ஏம்மா, ஆறும் ஒண்ணா இருக்கே?”

“எங்க குவார்ட்டர்ஸ்ல ஊடெல்லாம் ஒரே அளவு மேடம். ஜன்னல்கூட ஒரே எடத்துலதான் கீது. உள்ள கீறவங்கதான் வேற வேற ஊரு. இந்தப் பொடவ ஆறும் ஆறு ஊருல கண்ணாலம் கட்டினது. எங்க பாரம்பரியம் இதான் மேடம்.”

அந்த அம்மாள் ஒரு கோட்டைப் புரட்டித் தையலைப் பார்த்தார். சைஸ் நம்பரைப் பார்த்துச் சிரித்தார். “யார் தைச்சது?”

இன்ச்டேப் கட்டுப்போட்ட விரலைக் கடைசி வரிசைக்கு நீட்டினாள். “எங்கப்பா மேடம்.” கடைசி வரிசையில் அவர் எழுந்து அட்டென்ஷனில் நின்றார்.

“மார்க் தையலுக்கு இல்லம்மா, யோசனைக்கு,” என்றார் அந்த அம்மாள். தேறிவிட்டாள். ஓலை வாசிக்கவில்லை.

அன்று சாயங்காலம் நாங்கள் அவள் வீட்டில் தோசை சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். அப்பா பனியனோடு வந்து அவள் முன்னால் நின்று, இரண்டு கையையும் லேசாகத் தூக்கினார்.

“ம், எடு.”

“இன்னாத்துக்குப்பா?”

“நீ பட்டம் வாங்கைல எனக்குப் போட்டுக்க ஒரு சட்டை வேணும்லா? ஒண்ணே ஒண்ணு தை. வேற ஒருத்தன்ட்டயும் இல்லாத மாதிரி.”

ஊரையே ஒரு நொடியில் டேப் வைத்து அளந்தவள் அன்று அப்பாவின் தோளை மூன்று தடவை அளந்தாள். நம்பர் தெரியவில்லையாம். கண்ணைத் துடைத்துக்கொண்டு, டேப்பைப் பார்த்து என்னைச் சொல்லச் சொன்னாள், எழுதவும் சொன்னாள். பதினேழே முக்கால். அந்தத் துண்டுச் சீட்டை நான் இன்னும் தூக்கிப்போடவில்லை.