பால் கவரில் போட்ட பாதை

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு, மிகுந்த மரியாதையுடன் எழுதிக்கொள்வது.

தாங்களும் சம்பந்தியம்மாவும் நல்ல சுகத்தோடு இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நாங்களும் சுகம் என்று எழுதத்தான் பேனாவைத் திறந்தேன். ஆனால் கூடத்தில் உட்கார இடமில்லாமல், குளியலறை வாசலில் முக்காலி போட்டு, மடியில் ஒரு பலகையை வைத்துக்கொண்டு எழுதுகிறவன் சுகமாக இருக்கிறான் என்று சொன்னால், அது தங்களுக்குச் செய்கிற துரோகம். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் மகளைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. வந்த நாள் முதல் என்னை வாய் நிறைய 'மாமா' என்று கூப்பிடுகிறாள். என் மாத்திரையை என்னைவிட அவள்தான் ஞாபகம் வைத்திருக்கிறாள். குறை என்று ஒன்றுமே இல்லை. வீடுதான் இல்லை. வீடு இருந்த இடத்தில் இப்போது ஒரு பிளாஸ்டிக் கிடங்கு இருக்கிறது.

எங்கள் சந்து உங்களுக்குத் தெரியும். கல்யாணப் பேச்சுக்கு வந்தபோது செருப்பு ஒன்றைச் சேற்றில் விட்டுவிட்டுப் போனீர்களே, அதே சந்து. ஊரில் உள்ள பால் கவர், கடைக் கவர் எல்லாம் சாக்கடையில் போய் அடைத்துக்கொள்ளும். மழைத் தண்ணீர் போக வழியில்லாமல் வாசலிலேயே குடித்தனம் நடத்தும். சென்ற மழையில் என் மனைவி, எதிர்ச்சாரியில் கடைசி வீட்டில் இருக்கும் தையல்காரம்மாவைப் பார்க்கப் போகிறேன் என்று இறங்கியவள், கால் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பில் விரிசல் கண்டுவிட்டது. எலும்பு கூடிவிட்டது சம்பந்தி. தைரியம் கூடவில்லை. கைத்தடியை ஊன்றிக்கொண்டு ஜன்னல் வரை வருவாள், உட்காருவாள், தெருவைப் பார்ப்பாள். தையல்காரம்மா தன் வாசலிலிருந்து கையைக் காலை ஆட்டி ஏதோ சொல்வாள், இவள் இங்கிருந்து தலையை ஆட்டுவாள். பேச்சே உயிராக இருந்த இரண்டு பேர் ஊமை நாடகம் போடுவதைப் பார்க்க எனக்கே சகிக்கவில்லை.

உங்கள் மகளுக்கும் சகிக்கவில்லை. நகராட்சிக்குப் போனாள். அங்கே இருந்த இன்ஜினியர், "சந்து ரொம்பக் குறுகலும்மா, ரோடு போடுற வண்டி உள்ளே வராது. பாக்கலாம்" என்று சொல்லி அனுப்பினார். 'பாக்கலாம்' என்றால் பார்க்க மாட்டோம் என்று அர்த்தம் என்பது எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரிந்திருக்கிறது. வீட்டுக்கு வந்து என்னிடம் கேட்டாள்:

"மாமா, சாக்கடையை அடைக்கிறதும் இந்தக் கவர்தான், ஆளை வழுக்கி விடுறதும் இந்தக் கவர்தான். இதையே உருக்கி, மணல் கலந்து, கல்லாப் போட்டு வாசல்ல பதிச்சா என்ன?"

வேறு ஊரில் பெண்கள் சேர்ந்து இப்படித்தான் நடைபாதைக் கல் செய்கிறார்களாம். அங்கே போய்த் தங்கி, வேலையைப் பழகிக்கொண்டும் வந்துவிட்டாள். நான் சும்மா இருப்பேனா? காலமெல்லாம் சிமெண்டுக் கடை வைத்திருந்தவன்.

"ஏம்மா, இந்த ஊர்ல பாதிச் சுவர் என் மூட்டையிலதான் நிக்குது. என் வாசல்லயே பால் கவர்ல பாதை போட்டா, நான் முகத்தை எங்கே கொண்டுபோய் வெச்சுக்கிறது?"

ஜன்னலிலிருந்து என் மனைவி குரல் கொடுத்தாள்: "கவரோட சேத்துக் கழுவிக் காய வெச்சுக் குடுங்க. அதையும் வாங்கிப்பாங்க."

அன்றைக்கு ஆரம்பித்தது. தையல்காரம்மா சேர்ந்தாள். முனையில் வண்டி ரிப்பேர் செய்கிறவன் சேர்ந்தான். அவனை ஊரே ஸ்பேனர் என்றுதான் கூப்பிடுகிறது, அவன் அம்மா உட்பட. அவன் பட்டறைக்குப் பின்னால் இருந்த கொட்டகையில், கவரை நறுக்க ஒன்று, உருக்க ஒன்று, அச்சில் அழுத்த ஒன்று என்று பழைய இரும்பை வைத்தே இயந்திரங்களைக் கட்டிவிட்டான். கவர் எல்லாம் எங்கள் வீட்டுக்கு வந்து, கழுவி, காய்ந்து, பிறகுதான் கொட்டகைக்குப் போகும். எங்கள் கொடியில் இப்போது தெருவின் பால் கவர்கள் வரிசையாகக் காய்கின்றன. என் சட்டைக்கு இடம் கிடையாது. ஈரச் சட்டையைப் போட்டுக்கொண்டு உலவி, உடம்புச் சூட்டிலேயே காயவைத்துக்கொள்கிறேன். உங்கள் மாப்பிள்ளையிடம் முறையிட்டேன். அவன் பேப்பரிலிருந்து தலையை எடுக்காமலே, "நீங்க சொல்றதும் சரிதான்பா, அவ சொல்றதும் சரிதான்பா" என்றான். இப்படி ஒரு வழவழாப் பிள்ளையை உங்கள் மகளுக்குக் கட்டிவைத்ததற்கு இந்தக் கடிதத்தின் மூலம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

இதுவரைக்கும் பொறுத்தேன். ஒருநாள் காலையில் என் பல் செட்டைக் காணவில்லை. குழாயடியில் ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு வைத்திருந்தேன். பிளாஸ்டிக் என்று ஒன்று கண்ணில் பட்டால் இந்த வீட்டில் அதன் கதி என்ன என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். கொட்டகைக்கு ஓடினேன். அதுவரை அந்தப் பக்கம் காலெடுத்து வைப்பதில்லை என்று வீம்பாக இருந்தவன். தையல்காரம்மா குவியல் நடுவே உட்கார்ந்து ரகம் பிரித்துக்கொண்டிருந்தாள்.

"என் பல்லு, என் பல்லு" என்றேன். பல்லில்லாத வாயில் அது என்னவாக வந்ததோ.

"கல்லா? கல்லு இன்னும் ஆறலைங்க ஐயா. நாளைக்கு வாங்க" என்றாள்.

வாயைத் திறந்து காட்டிய பிறகுதான் விளங்கியது. எல்லோரும் வேலையை நிறுத்திவிட்டு என் பல்லைத் தேடினார்கள். கடைசியில் ஸ்பேனர் டப்பாவைத் தூக்கி உங்கள் மகளிடம் காட்டி, "அக்கா, இது எந்த ரகத்துல சேரும்?" என்றான். நல்லவேளை, நறுக்குகிற இயந்திரத்தில் போடுவதற்கு முன்னால் கேட்டான்.

பல்லைக் கழுவ அவன் தண்ணீர் கொண்டுவரப் போனபோது, சும்மா நிற்பானேன், நாமும் ஒரு கை கொடுப்போம் என்று கீழே கிடந்த சாம்பல் நிறக் குழாய்த் துண்டு ஒன்றை எடுத்து உருக்குகிற தொட்டியில் போட்டேன். நல்லெண்ணத்தில்தான் சம்பந்தி. அடுத்து வந்த புகையும் நாற்றமும் இருக்கிறதே, மூக்கைப் பிடுங்கி எறிந்துவிடலாம் போலிருந்தது. உங்கள் மகள் பாய்ந்துவந்து இயந்திரத்தை நிறுத்தி, காற்று எந்தப் பக்கம் என்று பார்த்து எல்லோரையும் எதிர்ப்பக்கம் விரட்டி, ஒருவர்கூடப் பாக்கியில்லை என்று உறுதி செய்துகொண்ட பிறகுதான் என் பக்கம் திரும்பினாள்.

"மாமா, குழாய் போடக் கூடாதுன்னு சுவத்துல இவ்வளவு பெருசா எழுதியிருக்கே! அது வெந்தா விஷம்."

"பல்லைத் தேடி ஓடி வந்தேம்மா. கண்ணாடியை வீட்டுல விட்டுட்டேன்" என்றேன்.

திட்டுவாள் என்று பார்த்தால், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். இருமிக்கொண்டிருந்த தெருவே சிரித்தது. மாமனார் முன்னால் மருமகள் அப்படிச் சிரிக்கலாமா என்று கேட்கிறேன். குறையாகச் சொல்லவில்லை.

முதல் கல் அச்சிலிருந்து வந்த அன்று எனக்கு உள்ளுக்குள் குஷி. ஏனென்றால் கல் கல்லாக வரவில்லை. நடுவில் குழிந்து, நுனி இரண்டும் தூக்கிக்கொண்டு, தோணி மாதிரி வந்தது. வாசலில் வைத்து தையல்காரம்மா ஒரு நுனியில் காலை வைத்தாள், மறு நுனியில் நின்ற ஸ்பேனர் எகிறிப்போய்ச் சுவரைப் பிடித்துக்கொண்டான். நான் சிரித்தேன், மறைக்காமல் சிரித்தேன். அப்போது ஜன்னலில் என் மனைவி, "அவ்வளவுதானா?" என்று கேட்டாள். யாரையும் பார்த்துக் கேட்கவில்லை. தனக்குத்தானே கேட்டுக்கொண்டாள். என் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. அவள் அத்தனை நாளும் அந்த ஜன்னலில் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கவில்லை, காத்துக்கொண்டிருந்தாள் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

மறுநாள் நானாகவே கொட்டகைக்குப் போனேன். பல்லும் கண்ணாடியும் போட்டுக்கொண்டு போனேன். கட்டட விஷயம் கரைத்துக் குடித்தவன் என்ற தோரணையில் தோணியைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, தொண்டையைச் செருமி, "சூடா இருக்கும்போதே அச்சுலேருந்து எடுத்துட்டீங்க. ஆற விடணும். மேலே பாரம் வெக்கணும்" என்றேன்.

"அதைத்தான் ஐயா அக்கா நேத்தே சொல்லிச்சு" என்றான் ஸ்பேனர், உங்கள் மகளைக் காட்டி.

உங்கள் மகள் என் மானத்தைக் காப்பாற்றினாள். "சொல்றது யாரு வேணா சொல்லலாம் மாமா. அது ஆறுற வரைக்கும் யாரும் கை வெக்காம பாத்துக்கத்தான் ஆள் இல்லை. இவங்க எல்லாருக்கும் அவசரம்" என்று எனக்கு ஒரு நாற்காலியைக் காட்டினாள். சம்பந்தி, டீ ஆறுகிற வரைக்கும்கூடப் பொறுக்காமல் நாக்கைச் சுட்டுக்கொள்கிறவன் நான். என்னைப் பொறுமைக்குக் காவல் வைத்துவிட்டாள். உட்கார்ந்தேன். வந்தவனை எல்லாம் விரட்டினேன். தோணியையும் மறுபடி உருக்கி அச்சில் போட்டார்கள். இந்த முறை கல் தட்டையாக, கறுப்பாக, மணல் சொரசொரப்போடு, நியாயமான கல்லாக வந்தது. கையில் தூக்கிப் பார்த்தேன். இன்னொன்றையும் தூக்கிப் பார்த்தேன்.

தெருவே சேர்ந்து சாக்கடையைத் தோண்டிச் சுத்தம் செய்தது. மண்ணை இடித்துச் சமன் செய்து, கல்லைப் பதித்தோம். 'பதித்தோம்' என்று என் கை தானாக எழுதிவிட்டது. எப்படியோ மோப்பம் பிடித்து நகராட்சி இன்ஜினியர் வந்துவிட்டார். பொது வழியில் யாரைக் கேட்டுக் கல் பதித்தீர்கள், பாரம் தாங்குமா, இல்லையென்றால் பெயர்த்தெடுக்க வேண்டிவரும் என்றார். பாரம்தானே, என் பழைய கடையிலிருந்து தள்ளுவண்டி நிறைய சிமெண்டு மூட்டையை வரவழைத்தேன். வண்டி கல்லின் மேல் ஏறியபோது, கல் உடையக் கூடாதே என்று நான் உள்ளங்கையில் நகத்தைப் பதித்துக்கொண்டு நின்றேன். காலமெல்லாம் எனக்குச் சோறு போட்ட சிமெண்டு ஒரு பால் கவரை ஜெயிக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டேனே, இதைவிட ஒரு கேவலம் உண்டா? ஜெயிக்கவில்லை. ஒரு கீறல்கூட விழவில்லை.

இன்ஜினியர் குனிந்து தடவிப் பார்த்தார். "பாரம் சரிம்மா. மழை பெஞ்சா? பிளாஸ்டிக்காச்சே, வழுக்காதா? வயசானவங்க யாராவது விழுந்தா யாரு பொறுப்பு?"

உங்கள் மகள் முகத்தில் முதல்முறையாகக் கவலையைப் பார்த்தேன். அப்போது எங்கள் வீட்டு வாசலில் கைத்தடிச் சத்தம்.

"தண்ணி ஊத்துங்க" என்றாள் என் மனைவி.

"உனக்கென்ன பைத்தியமா? உள்ளே போ!" என்று கத்தினேன்.

"விழுந்தவ நான்தானே? நான் நடந்து பாத்துச் சொல்றேன். ஊத்துடி பொண்ணே."

உங்கள் மகள் குடத்தைத் தூக்கினாள். குடம் குடமாக ஊற்றினாள். கல்லெல்லாம் நனைந்து பளபளத்தது. என் மனைவி ஒரு காலை வைத்தாள். தடியால் தட்டிப் பார்த்தாள். மறு காலை வைத்தாள். நான் பக்கத்தில் போய்க் கையைப் பிடிக்கப் பார்த்தேன், முறைத்தாள், பின்னாலேயே நடந்தேன். இன்ஜினியர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். பாதிச் சந்தில் அவள் தடியை ஊன்றுவதையே மறந்துவிட்டாள். தையல்காரம்மா தன் வாசலில் நின்று அழுதுகொண்டும் திட்டிக்கொண்டும் இருந்தாள். "இத்தனை நாளா வராம எங்கேடி போனே?" என்றாள். இரண்டு பேரும் உள்ளே போனார்கள். கதவு சாத்திக்கொண்டது.

பொழுது சாய்ந்துதான் திரும்பி வந்தாள் சம்பந்தி. அதுவரைக்கும் எனக்கு டீ கிடையாது.

இப்போது என் நிலைமையைச் சொல்கிறேன். மனைவி காலையில் போனால் தையல்காரம்மா வீடு, அங்கிருந்து கொட்டகை. மூடி தனி, கவர் தனி என்று பிரிக்கிறாளாம். உங்கள் மகளைக் கேட்கவே வேண்டாம். உங்கள் மாப்பிள்ளைகூட அலுவலகத்துக் கவர்களைப் பையில் அடைத்துக் கொண்டுவருகிறான். கேட்க நாதியில்லாமல், கவர்களுக்கு நடுவே கிடக்கிறேன். ஆகவே தாங்கள் தயவுசெய்து உடனே புறப்பட்டு வந்து, தகப்பன் என்ற முறையில் உங்கள் மகளிடம் பக்குவமாக எடுத்துச் சொல்ல வேண்டும். ஒரு சந்து போட்டாயிற்று, இத்தோடு போதும், வீட்டை வீடாக விடு என்று சொல்ல வேண்டும். நான் சொன்னால் சிரிக்கிறாள்.

சம்பந்தியம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லவும். வீட்டில் பெரியவர்களுக்கு நமஸ்காரம், சின்னவர்களுக்கு என் ஆசீர்வாதம். எல்லோரும் நோய்நொடி இல்லாமல், காலில் சேறு படாமல் நல்லபடியாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் சொல்லுக்குக் காத்திருக்கும்,
சிமெண்டுக்காரச் சம்பந்தி

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது இன்ஜினியர் வந்தார். ஊருக்குள் வண்டி போகாத சந்துகள் இன்னும் நிறைய இருக்கின்றனவாம், எல்லாவற்றுக்கும் நாங்களே கல் போட முடியுமா என்று கேட்டார். உங்கள் மகள் என்னைப் பார்த்தாள். நான், "தாராளமா" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் யோசித்தேன், எங்கள் கொட்டகை அதற்குப் போதாது. அதனால் நம் வீட்டு மாடி முழுவதையும் ஒழித்துக் கொடுத்துவிட்டேன். மேலே எழுதியதையெல்லாம் தாங்கள் படிக்கவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள், உங்கள் மகளிடம் மூச்சு விட வேண்டாம். ஆனால் உடனே புறப்பட்டு வரச் சொன்னேன் அல்லவா, அதில் மாற்றமில்லை. மணல் சலிக்க ஆள் குறைகிறது. சம்பந்தியம்மாவையும் அழைத்து வரவும். அழுக்கானால் பரவாயில்லை என்கிற துணியாகப் பார்த்து எடுத்து வரவும்.