மேடைக்கு வரச் சொன்னது நான்தான்

சட்டம் படித்தவனுக்கு எல்லாம் தெரியும் என்று ஊர் நம்புவதில் தவறில்லை. அதைச் சட்டம் படித்தவனே நம்பிவிடுவதுதான் தவறு. நான் நம்பினேன். ஒன்றரை வருஷம், தலை நிமிர்ந்து நம்பினேன். பிறகு அகரத்தில், பட்டப்பகலில், ஒலிபெருக்கி சாட்சியாக அந்த நம்பிக்கைக்கு முடிவு வந்தது.

அறுபதுகளின் தொடக்கம் அது. சென்னையில் பி.எல். முடித்து, வக்கீல் சன்னதும் வாங்கிக்கொண்டு, திண்டுக்கல் பேகம்பூரில் எங்கள் வீட்டுக்கு வந்து இறங்கினேன். அத்தாவுக்குத் தோல் வியாபாரம். எங்கள் வம்சத்தில் கோர்ட்டுக்குப் போனவர்கள் அதுவரை சாட்சிக் கூண்டைத் தாண்டியதில்லை. (ஒரு சின்னத்தா மட்டும் எதிர்க் கூண்டில் ஏறியிருக்கிறார். அதை வீட்டில் யாரும் பேசுவதில்லை.)

ஊரில் ஏற்கெனவே வக்கீல்கள் கட்சிக்காரர்களைவிட அதிகமாக இருந்தார்கள். எனக்கு வாய்த்த சீனியர் நல்ல மனிதர். ஆனால் அவர் என்னிடம் கொடுத்தது ஒரே வேலைதான்: வாய்தா கேட்பது. எழுந்து நின்று, "சீனியர் வேறு கோர்ட்டில் இருக்கிறார், இன்னொரு தேதி வேண்டும்" என்று சொல்லிவிட்டு உட்கார வேண்டும். மீதி நேரம் கறுப்புக் கோட்டுக்குள் வெந்துகொண்டு கோர்ட்டு வேப்பமரத்தடியில் நிற்பேன். மரத்தடியில் என்னைப் போல இன்னும் ஏழெட்டுப் பேர். எங்களைப் பார்த்தால் ஏதோ துக்க வீட்டு வாசல் மாதிரி இருக்கும். அத்தாவிடம் யாராவது மகன் என்ன செய்கிறான் என்று விசாரித்தால், "கோர்ட்டுக்குப் போயிட்டு வாரான்" என்பார். அதில் பொய் எதுவும் இல்லை. போனேன். வந்தேன்.

அந்த நாட்களில் என்னைத் தூக்கி நிறுத்தியது கட்சிதான். சட்டக் கல்லூரி விடுதியிலேயே சேர்ந்துவிட்டேன். எந்தக் கட்சி என்று சொல்லமாட்டேன். அதன் பிறகு அது எனக்கே பலமுறை குழம்பிவிட்டது. எங்கள் ஆட்சி வந்த மறுநாள் காலையில், நியாயம் பால்காரர் மாதிரி வீடு வீடாக வந்து கதவைத் தட்டும் என்று நான் மனப்பூர்வமாக நம்பினேன். தேர்தலும் வந்தது. எங்கள் வேட்பாளர் சொக்கலிங்கம் அண்ணன் வேட்புமனு எழுத என்னைக் கூப்பிட்டார். ஒரு வரி பிசகாமல் எழுதிக் கொடுத்தேன். என் தொழில் வாழ்க்கையில் நான் முதன்முதலாகச் சொந்தமாக எழுதிய ஆவணம் அது.

அண்ணன் என் தோளில் கை போட்டு, "நாம ஜெயிச்சா நீதான் தம்பி சர்க்கார் வக்கீலு" என்றார். அன்று ராத்திரி சாப்பாட்டில் என்ன வெஞ்சனம் என்றுகூட நான் பார்க்கவில்லை.

எதிர்த்து நின்றவரைப் பெரிய தோட்டத்தார் என்பார்கள். அந்தச் சுற்றுவட்டாரத்தில் நிலம், கிணறு, மனிதர்கள் என்று கண்ணில் படுகிற எல்லாவற்றிலும் பாதி அவருடையது. அவர் கதையெல்லாம் எழுதி அண்ணனின் ஆட்கள் என்னிடம் ஒரு தாள் கொடுத்தார்கள். எந்தப் புறம்போக்கை வளைத்தார், எந்த வாய்க்காலை மறித்தார் என்று வரிசையாக இருந்தது. ஒன்றையும் விசாரிக்காமல் முழுதாக மனப்பாடம் செய்தேன். (சாட்சியத்தைச் சோதிப்பது பற்றி எனக்கு அறுபது மார்க் கொடுத்த புண்ணியவான் எங்கிருந்தாலும் மன்னிக்க வேண்டும்.)

வேட்புமனுவை வாபஸ் வாங்கக் கடைசி நாளுக்கு முந்தைய நாள், அகரத்தில் சாயங்காலம் நாலு மணிக்குக் கூட்டம். கோட்டுப் போட்டுக்கொண்டு வா, அப்போதுதான் எடுபடும் என்று அண்ணன் சொல்லியிருந்தார். வெயிலைப் பொருட்படுத்தாமல் போட்டுக்கொண்டு போனேன். தகர டிரம்களின் மேல் பலகை போட்ட மேடை. பின்பக்கம் ஏறுவதற்கு ஒரு மர ஏணி. முன்னால் வேலை முடிந்து வந்த சனம், இருநூறு முந்நூறு பேர்.

பேச ஆரம்பித்தேன். முதல் கால் மணி நேரம் யாரும் அசையவில்லை. அதைக் கவனம் என்று எடுத்துக்கொண்டேன். நடுவில் யாரோ என் கையில் ஒரு துண்டுச் சீட்டைத் திணித்தார்கள். நேரமாகிவிட்டது, முடி என்பதற்குக் கொடுக்கிற வழக்கமான சீட்டு என்று நினைத்துப் படிக்காமலே கோட்டுப் பையில் போட்டுக்கொண்டேன். முடிக்கிற மனநிலையில் நான் இல்லை. வாய்க்கால் விஷயத்துக்கு அப்போதுதான் வந்திருந்தேன். ஏழை வயலுக்குப் போகும் தண்ணீரை மறிப்பது எந்தெந்தச் சட்டப்படி குற்றம் என்று பிரிவு பிரிவாக முழங்கினேன்.

திடீரென்று கூட்டம் சிரித்தது. சட்டப் பிரிவுக்குச் சிரிக்கிற ஜனங்களை நான் அதுவரை கண்டதில்லை. உற்சாகம் வந்துவிட்டது. தோட்டத்தாரின் தொப்பையைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னேன். பெண்கள் பக்கம்கூட முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்கள். ஆகா, காதர் மைதீன், உனக்குள் இப்படி ஒருத்தன் இருந்திருக்கிறானே என்று என்னையே வியந்துகொண்டேன். குரலை இன்னும் ஏற்றினேன். "அவருக்கு அகரத்துக்கு வழி தெரியுமா? தைரியம் இருந்தால் அவர் வரட்டும். இந்த மேடையில் ஏறட்டும். என் பக்கத்தில் நின்று பதில் சொல்லட்டும்!"

கூட்டம் விசிலடித்தது. மேடை லேசாக அதிர்ந்தது. என் தோளில் கனமாக ஒரு கை விழுந்தது.

"வந்துட்டேன், அப்பு" என்றது ஒரு குரல். "பேசி முடிச்சிட்டியா, இன்னுஞ் செத்த நேரம் ஆகுமா?"

திரும்பினேன். பெரிய தோட்டத்தார். அவருக்குப் பின்னால், ஏணியின் கடைசிப் படியில், சிரித்த முகத்துடன் எங்கள் சொக்கலிங்கம் அண்ணன். நான் வாய்க்காலில் இறங்கிய நேரத்தில் அவர்கள் இரண்டு பேரும் மேடைக்குப் பின்னால், தோட்டத்தாரின் காருக்குள் உட்கார்ந்து சமாதானம் ஆகியிருந்தார்கள். அண்ணன் போட்டியிலிருந்து விலகுவது என்று முடிவு. தோட்டத்தார் நெடுநேரமாக என் முதுகுக்குப் பின்னால்தான் நின்றிருக்கிறார். தொப்பையைப் பற்றிப் பேசியபோது அதைத் தடவியும் காட்டினாராம்.

அண்ணன் என் கையிலிருந்து மைக்கை வாங்கினார். எல்லாரும் ஒரே குடும்பம் என்றார். தொகுதியின் நன்மை என்றார். பிறகு என்னைக் காட்டி, "தம்பி சின்னப்புள்ள. படிச்ச படிப்பு அப்படிப் பேச வச்சிருச்சு. யாரும் மனசுல வச்சுக்கிறாதீங்க" என்றார். அண்ணனுக்காக வாங்கியிருந்த ரோஜா மாலையை யாரோ என் கையில் கொடுத்தார்கள். இந்த இடத்தில் நான் மாலையை வீசிவிட்டு இறங்கினேன் என்று எழுத ஆசைதான். ஆனால் எழுதுகிறவன் வக்கீல். பார்த்தவர்கள் இன்னும் அகரத்தில் உயிரோடு இருக்கிறார்கள். மாலையைப் போட்டேன். தோட்டத்தார் எனக்கு வசதியாகத் தலையைக் குனிந்தும் கொடுத்தார்.

காரில் எனக்கு இடமில்லை. பஸ் ஏறத் தாடிக்கொம்புவரை நடந்தேன். வழியில் அந்தச் சீட்டை எடுத்துப் படித்தேன். 'சமாதானம் ஆயிருச்சு. நிறுத்து' என்றிருந்தது. எனக்குக் கோபம் வரவில்லை. கோபம் வந்திருந்தால் கொஞ்சம் கௌரவமாக இருந்திருக்கும். விடுதி மொட்டை மாடியில் நாங்கள் விடிய விடியப் பேசியதெல்லாம், இரண்டு ஆட்கள் ஒரு காருக்குள் கால் மணி நேரம் உட்கார்ந்தால் கரைந்துவிடுகிற சரக்கா என்றுதான் தோன்றியது. பஸ்ஸில் கண்டக்டர் என் கோட்டைப் பார்த்து, "ஏறுங்க வக்கீலு, பின்னால எடமிருக்கு" என்றார். பஸ் முழுக்கச் சிரித்தது. எனக்கு முந்தியே அந்தச் சேதி பஸ் ஏறியிருந்தது.

வீட்டிலும் தெரிந்திருந்தது. சாப்பிடும்போது அத்தா, "அம்புட்டு சனமும் கைதட்டுச்சாமே" என்றார். கேலியா, ஆறுதலா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. தோல் மண்டிக்கே வந்துவிடுகிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் எழுந்து கை கழுவப் போய்விட்டார்.

மறுநாள் காலை எழுந்து வந்தால், கூடத்தில் ஒரு பெண் உட்கார்ந்து அம்மாவோடு டீ குடித்துக்கொண்டிருந்தாள். நாற்பது வயதிருக்கும். மடியில் மஞ்சள் பை. பெயர் பாப்பம்மாள், அகரத்திலிருந்து முதல் பஸ்ஸில் வந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து, "வக்கீலய்யா" என்றாள். பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று பார்த்தேன். என்னைத்தான்.

"நேத்து வாய்க்காலப் பத்திப் பேசுனீங்களே, அது நெசமா, இல்ல கட்சிக்காகப் பேசுனதா?" என்று கேட்டாள்.

அதற்கு முந்தைய நாள் கேட்டிருந்தால் அவளுக்கு ஒரு சொற்பொழிவே ஆற்றியிருப்பேன். அன்று எனக்குச் சரக்கு தீர்ந்திருந்தது. எனக்குத் தெரியாது, யாரோ எழுதிக் கொடுத்ததை ஒப்பித்தேன், விசாரிக்கவே இல்லை என்று உள்ளதைச் சொன்னேன்.

அவள் கொஞ்சமும் அசரவில்லை. "விசாரிக்காம பேசுனாலும் சரியாத்தான் பேசுனீங்க. அது என் வாய்க்கால்தான்" என்றாள். மஞ்சள் பையைக் கவிழ்த்தாள். பட்டா, வரி ரசீதுகள், மடிப்பில் கிழிந்த ஒரு கிராமத்து வரைபடம். இரண்டு போகமாக அவள் வயலுக்குத் தண்ணீர் வரவில்லை. மூன்று வக்கீல்களைப் பார்த்திருக்கிறாள். எதிராளி யார் என்று தெரிந்ததும் மூன்று பேருமே பைக்குள் காகிதத்தைத் திருப்பிப் போட்டுவிட்டார்கள். அவர் எதிரிலேயே நின்று பேசிய ஆள் நீங்கள் ஒருத்தர்தான் என்றாள். அவர் எதிரில் இல்லை, பின்னால் நின்றார் என்று திருத்த நினைத்தேன். அம்மா என்னை முறைத்தாள்.

அந்த நேரம் பார்த்து வாசலில் ஜீப் நின்றது. சொக்கலிங்கம் அண்ணன். முந்தைய நாள் ஒன்றுமே நடக்காதது போலச் சிரித்தார். வாபஸ் மனு எழுத வேண்டுமாம். "நீ எழுதுன மனு, தம்பி. நீயே எழுதி வாபஸ் வாங்குனாத்தான் சுத்தமா இருக்கும்" என்றார். பிறகு என் காதருகே குனிந்து, சர்க்கார் வக்கீல் விஷயத்தைத் தோட்டத்தாரிடமே பேசிவிட்டதாகவும், அவர் ஜெயித்தாலும் என் இடம் என் இடம்தான் என்றும் சொன்னார்.

நான் வீராவேசமாக மறுத்தேன் என்று நினைக்க வேண்டாம். நின்றேன். மரத்தடி கண்ணில் வந்தது. இன்னும் பத்து வருஷம் வாய்தா கேட்பது கண்ணில் வந்தது. திரும்பிப் பார்த்தேன். பாப்பம்மாள் தரையில் வரைபடத்தை விரித்து, மடங்கிய மூலையில் டீ டம்ளரை வைத்து, தண்ணீர் எங்கே வரும், எங்கே நிற்கும் என்று அம்மாவுக்கு விரலால் காட்டிக்கொண்டிருந்தாள். அத்தா தோலை ஆராய்கிற கண்ணோடு அதைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, உள்ள கட்சிக்காரங்க இருக்காங்க. வேற வக்கீலப் பாருங்க" என்றேன். எந்தக் கட்சி என்றார் அண்ணன். "கேசுக் கட்சிக்காரங்க" என்றேன். என் வாழ்க்கையில் விசாரித்துவிட்டுச் சொன்ன முதல் வாக்கியம் அதுதான்.

வழக்கு சினிமாவில் வருவது போல ஒன்றும் நடக்கவில்லை. முதல் நாள் முன்சீப், "இங்கே மைக் இல்லை வக்கீலே, மெதுவாகப் பேசலாம்" என்றார். எதிர்த்தரப்பு எட்டு வாய்தா வாங்கியது. வாய்தாவின் சூட்சுமமெல்லாம் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஒன்பதாவதை எழுந்து நின்று மறித்துவிட்டேன். கோர்ட்டு அனுப்பிய கமிஷனர் நேரில் போய் வாய்க்காலை அளந்தார். வழக்குப் போட்டதிலிருந்து மூன்றாம் போகத்துக்குத் தண்ணீர் திறந்தார்கள். தோட்டத்தார் தேர்தலில் ஜெயித்தார். சர்க்கார் வக்கீலாக வேறு யாரையோ போட்டார்கள். நான் மறுபடி எந்தக் கட்சியிலும் சேரவில்லை. ஆனால் ஒவ்வொரு தேர்தலிலும் காலையிலேயே போய் வரிசையில் நின்றுவிடுவேன். கோபித்துக்கொண்டு வீட்டில் உட்கார்ந்தால் காருக்குள் உட்காருகிறவர்களுக்குத்தானே வசதி?

பாப்பம்மாளுக்குப் பிறகு அகரத்திலிருந்து இன்னும் இரண்டு பேர் வந்தார்கள். பிறகு தாடிக்கொம்பிலிருந்து நாலு பேர். நாற்பது வருஷத் தொழிலில் எனக்கு அந்தப் பக்கம் வாய்க்கால் வக்கீல் என்றே பெயர். கடிதம்கூட அந்தப் பெயருக்கு வந்து சேரும்.

வீட்டில்தான் மரியாதை இல்லை. கல்யாணமோ, பெருநாள் விருந்தோ, நான் தொண்டையைக் கனைத்துக்கொண்டு நாலு வார்த்தை பேச எழுந்தால் போதும், என் மகள் இருந்த இடத்திலிருந்தே, "அத்தா, பின்னால பாருங்க" என்பாள். மொத்தச் சனமும் சிரிக்கும். அங்கே யாரும் இருக்கமாட்டார்கள் என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

இருந்தாலும் ஒவ்வொரு தடவையும் திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் பேசுகிறேன்.