பாலே பார்க்கப் போய்த் துக்கம் விசாரித்த கதை

கலக்சிதி, கிரீஸ்,
செப்டம்பர் 14

மெல்பர்னில் இருக்கும் அன்புத் தங்கை கலியோப்பிக்கு அண்ணன் பந்தெலிஸ் எழுதுவது. முழங்காலைத் தவிர மற்றதெல்லாம் நலம். நீயும் மாப்பிள்ளையும் முழங்கால் உட்பட நலமாயிருக்க மாதாவை வேண்டுகிறேன்.

முதலில் ஒன்று. தனாசிஸ் கழுதையோடு நான் சமாதானமாகிவிட்டதாக யாராவது போனில் சொன்னால் நம்பாதே. மரிகோ தன்னை விட்டு என்னைக் கல்யாணம் கட்டிக்கொண்டாள் என்பதற்காக, இருந்த ஒரே சிநேகிதன், நாற்பத்தோரு வருஷம் என் முகத்தில் விழிக்காமல் இருந்தான். போன வருஷம் அவள் அடக்கத்துக்கு வந்தால் காலை உடைப்பேன் என்று நானும் சொல்லியனுப்பினேன். கோயில் வாசலில் மழையில் நின்றுவிட்டுப் போய்விட்டான். பார்த்தும் நான் கூப்பிடவில்லை. அது மட்டும் கொஞ்சம் உறுத்துகிறது, வேறொன்றுமில்லை.

நடந்தது இதுதான். ஏதென்சிலிருந்து பாலே நடனம் ஆட ஒரு கூட்டம் வந்தது. துறைமுகத்தில் மேடை. காதல், இழப்பு, நட்பு என்று நோட்டீஸ். இரண்டு பையன்கள், ஒரு பெண், மூவரும் நுனிக்காலில். அவள் ஒருவனைக் கட்டிக்கொள்கிறாள், மற்றவன் கப்பலேறுகிறான், அவள் செத்துப்போகிறாள். இதுவரை யாருக்கும் தொந்தரவில்லை, மீன்கடைக்காரர்கூடக் குறட்டையை நிறுத்திவிட்டுப் பார்த்தார். ஆனா அந்த டைரக்டர், நிஜமா இருக்கட்டும்னு, நம்ம கோயில் துக்கமணியையே அடிக்கச் சொல்லிவச்சிருக்கான். அந்த மணி கேட்டா நம்ம ஊர்க்காரங்க கால் சும்மா இருக்குமா? எல்லாரும் எழுந்து சிலுவை போட்டுக்கிட்டாங்க. ரொட்டிக்கடை ஃபொத்தினி மேடையேறி, பொண்டாட்டியைப் பறிகொடுத்த ஆட்டக்காரப் பையன் கையைப் பிடிச்சு, "உனக்கு ஆயுசு இருக்கட்டும்ப்பா, ஏதாவது சாப்பிட்டியா?"ன்னு நம்ம வழக்கப்படி துக்கம் விசாரிச்சா. அவ்வளவுதான், பின்னாடியே வரிசை. வரிசையில பாதிரியாரும். பையன் நிஜமாவே அழுதுட்டான். செத்தவ எழுந்து உட்கார்ந்து தண்ணி கேட்டா.

தனாசிசும் வரிசையில இருந்தான். மேடைப் படி வரைக்கும் போனவன், திரும்பி நேரா எங்கிட்ட வந்து நின்னான்.

"பந்தெலி, உனக்கு ஆயுசு இருக்கட்டும்டா. பதினோரு மாசம் தாமதமாயிடுச்சு."

"நகர்டா, மேடையை மறைக்கிற."

"அங்க ஒருத்தனும் ஆடலைடா மடையா."

சொல்லிட்டு என்னைக் கட்டிப் பிடிச்சான் பாரு, சட்டைப்பையில இருந்த என் படிக்கிற கண்ணாடி நொறுங்கிப்போச்சு. இப்படிப்பட்டவனோட என்ன சமாதானம்? ஆகவே அந்தப் பேச்சுக்கே இடமில்லை.

மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல். பேரப்பிள்ளைகளுக்கு முத்தம். த்தூ த்தூ, கண் படாமல் வளரட்டும்.

பிடிவாதம் மாறாத உன் அண்ணன்,
பந்தெலிஸ்

பி.கு.: கண்ணாடி இல்லாததால், நான் சொல்லச் சொல்ல இதை எழுதுகிறவன் தனாசிஸ். மூன்று நாளாக இங்கேதான் சாப்பிடுகிறான். 'கழுதை' என்ற சொல்லை ஒழுங்காக எழுதியிருக்கிறானா என்று பார்த்துச் சொல். 'மரிகோ' என்று எழுதும்போது மட்டும் பேனா வெகுநேரம் நின்றுவிட்டது. எனக்கும் அவசரமில்லை.