வேணுகோபால் வண்டிக்கு வந்த கேமரா

திரையில் தெரு தலைகீழாகத் தெரிந்தது. எதிர்வீட்டு எல்லம்மாள் வானத்தில் நின்று துணி துவைத்துக்கொண்டிருந்தாள்.

"கேமராவைக் கவுத்து மாட்டிட்டேண்ணே," என்றான் எலக்ட்ரீஷியன் யேசுதாஸ்.

வேணுகோபால் யாத்திரை வேன் ஓட்டுபவர். வேனுக்குப் பின்னால் சமையல் டிரெய்லர் ஒன்றும் உண்டு. அதைச் சந்துக்குள் ரிவர்ஸ் எடுக்கும்போதெல்லாம் மனைவி வடிவாம்பாள் தறியை விட்டு எழுந்து வந்து பின்னால் நிற்பாள். வீட்டில் 'வாங்க' என்பவள் அங்கே மட்டும் "வா... வா... நில்லு" என்பாள். வண்டியைத்தான் சொல்கிறாளாம்.

போன வாரம் அந்த 'நில்லு' அவர் காதில் விழவில்லை. குழாயடிச் சுவர் விழுந்தது. "உனக்குக் கண்ணு பொடனியிலயா இருக்குது?" என்று தெருவே கேட்கக் கத்திவிட்டார்.

அன்றிலிருந்து அவள் அவரோடு பேசுவதில்லை. தப்பு தன்மேல்தான் என்று அவருக்குத் தெரியும். மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. சென்னைக்குப் போய்க் கேமரா வாங்கிவந்தார். "இனிமே நீ வெயில்ல நிக்க வேணாம்" என்று சமாதானமாகத்தான் சொன்னார். அவள் முகம் இன்னும் சிறுத்துப்போனது.

கேமராவை நிமிர்த்தினார்கள். இடமும் வலமும் மாறித் தெரிந்தன. டிரெய்லர் எல்லம்மாளின் துவைக்கிற கல்லில் ஏறி நின்றது.

"நீயாவது ஒரு குரல் குடுத்திருக்கலாமே, வடிவு?"

தறியில் இருந்த வடிவாம்பாள் தலை தூக்கவில்லை. அறுந்த இழை ஒன்றைத் தேடிப் பிடித்து முடிந்துகொண்டிருந்தாள். எந்தக் கோபத்திலும் அறுந்ததை அப்படியே விட அவள் கைக்குத் தெரியாது.

"எல்லம்மாக்கா, அதான் கேமரா இருக்குதேன்னு சொல்லு."

"கேமரா இருக்குதாம்பா," என்றாள் எல்லம்மாள். "என் கல்லுக்கு இன்னா பதிலு?"

யேசுதாஸ் இடம் வலத்தையும் சரிசெய்துவிட்டுப் போனான். மறுநாள் காலை திரையே இருண்டுவிட்டது. வேணுகோபால் குத்துமதிப்பாகப் பின்னால் எடுத்தார். சொந்த வீட்டு வாசற்படி பெயர்ந்துவந்தது.

பெயர்ந்த கல்மேலேயே உட்கார்ந்துவிட்டார். இத்தனை வருஷம் அந்தக் குரலை நம்பித்தான் பின்னால் போயிருக்கிறோம், ஒரு நாளாவது நல்லதாக ஒரு வார்த்தை சொன்னோமா என்று நினைத்துக்கொண்டார்.

யேசுதாஸ் வந்து டிரெய்லருக்கு அடியில் படுத்தான்.

"எலிதான் வயரைக் கடிச்சிருக்கும். கழட்டிடு யேசு," என்றார். "அவ நின்னு 'வா'ன்னு சொல்லாம எனக்கு வண்டி ஓட்ட வராதுப்பா."

உள்ளே தறிச் சத்தம் நின்றது.

யேசுதாஸ் வயரை வெளியே இழுத்துப் பார்த்தான்.

"அண்ணே, எலி கடிக்கும், சரி. கடிச்சப்புறம் மனசு கேக்காம இழை முடிச்சுமா போட்டு வெச்சிட்டுப் போவும்?"