தனிக்கூரையில் ஒரு வருடம்

அன்புள்ள மச்சான் ட்வைட் அவர்களுக்கு,

ஹார்லன் எழுதிக்கொள்வது. நான் இங்கு நலம். தாங்களும் தங்கள் மூட்டுவலியும் எப்படி? தங்கள் அக்கா வெர்னாவின் நலத்தைத் தாங்களே விசாரித்துக்கொள்ளவும். சட்டப்படி எனக்கு அது தெரியாமல் இருப்பதே நல்லது.

நம் சௌத் கரோலினாவில் அடிதடியோ குடியோ கள்ளத்தொடர்போ இல்லாதவர்கள் விவாகரத்து வாங்குவது லேசில்லை. ஒரு வருடம் முழுக்க வேறு வேறு கூரையில் இருக்க வேண்டும், இடையில் ஒரு ராத்திரி சேர்ந்தாலும் மறுபடி முதல் நாள், போதாததற்கு புருஷன் பெண்டாட்டி அல்லாத மூன்றாமாள் ஒருவர் சாட்சி சொல்ல வேண்டும். என் படகை என்னிடம் கேட்காமல் சர்ச் ஏலத்துக்குக் கொடுத்தவளோடு இனி இருக்க முடியாது என்று நான் கொல்லையில் சக்கரம் வைத்த டிரெய்லர் வீட்டை நிறுத்திக் குடிபோனேன். மூன்று மாதம் கழித்து வக்கீலம்மா கேட்டார்: "கரண்ட் எங்கேர்ந்து வருது?" "சமையலறையிலேர்ந்து ஒயர் இழுத்திருக்கேன்." "காபி?" "வெர்னாதான் ஜன்னல் வழியா நீட்டுவா." "இது பிரிவு இல்ல சார், கோவிச்சுக்கிட்டு வெளிய படுக்கறது." மூன்று மாதமும் பாழ். டிரெய்லரை ரோட்டுக்கு அந்தப் பக்கம் இழுத்துப் போய்ப் புதிதாக ஆரம்பித்தேன்.

வருடம் முடியப் போகும் நேரத்தில்தான், அவள் என் நாள் கணக்கைக் கெடுக்கப் பார்க்கிறாளோ என்ற சந்தேகம் ஆரம்பம். முந்நூறு நாள் எட்டிப் பார்க்காதவள் முந்நூற்றோராம் நாள் சுடச்சுடப் பீச் பழப் பணியாரத்தோடு வருவானேன்? போன வாரம் பட்டப்பகலில் தண்ணீர்ப் பம்ப்பைப் பார்க்கக் கூப்பிட்டாள். பார்த்துவிட்டு சோபாவில் சற்றே கண்ணயர்ந்தேன், விழித்தால் மேலே போர்வை, காலில் ஷூ இல்லை. கழற்றியது யார்? எதற்கு? ஓடியே வந்துவிட்டேன், வெறும் காலோடு. தங்கள் மேலும் எனக்குச் சந்தேகம்தான் மச்சான். ஞாயிறுதோறும் ரோட்டோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்து என்னைப் பார்க்கிறீர்கள், சரி, தாங்கள்தான் என் சாட்சி. ஆனால் கொறிப்பது அவள் அவித்த கடலை! இன்னும் ஐந்தே நாள். கோர்ட்டில் கேட்டால் "அவரு அங்க, அவ இங்க, அவ்ளோதான்" என்று சொல்லவும். ஷூவைப் பற்றி மூச்சு விடக்கூடாது. எனக்கு விடுதலை கிடைப்பது தங்கள் வாயில்தான் இருக்கிறது.

தங்கள் மூட்டுகளும் குடும்பமும் எக்குறையுமின்றி இருக்கப் பிரார்த்திக்கும்,
ஹார்லன்

பி.கு.: இந்தக் கடித உறையை ஒட்டப் போகும்போது வெர்னா கையில் ரேடியோவோடு வந்து நின்றாள். "யோவ், புயல் வருதாம். இந்தத் தகர டப்பா பறந்துடும். தலகாணிய எடுத்துக்கிட்டு வீட்டுக்கு வா, ராத்திரி இங்க இருக்காத." வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. புயல் கடலோடு திரும்பிவிட்டதென்று காலையிலேயே கடைக்காரன் சொன்னான். அவள் ரேடியோவில் பேட்டரியும் இல்லை, மூடி திறந்து கிடந்தது. தலையணையை எடுத்தாயிற்று. தாங்கள் கோர்ட்டுக்கு வர வேண்டாம்.