துண்டுக்கடியில் டெண்டர்

கவரைப் பெட்டிக்குள் போட்டுவிட்டு முக்கால் மணி நேரமாக சென்னியப்பன் ஆபீஸ் வாசல் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தார். தோள் துண்டை எடுத்து வலது கையின் மேல் விரித்துப் போட்டு, உள்ளே விரல்களை மடக்கியும் நீட்டியும் பழக்கிக்கொண்டிருந்தார்.

மூணாறு குளிரில் ஊரே காதைப் பொத்திக்கொண்டு போகையில் இவர் மட்டும் கையைப் பொத்திக்கொண்டிருப்பதை குமாஸ்தா சுவக்கீன் ஜன்னல் வழியே மூன்று தடவை பார்த்தார். நாலாம் தடவை வெளியே வந்துவிட்டார்.

"கையில என்ன அண்ணாச்சி, காயமா?"

"அதெல்லாம் இல்லீங்க. தொரை எப்பக் கூப்பிடுவாருங்க?"

"எதுக்கு?"

"வெலை பேசறதுக்குத்தானுங்க."

சுவக்கீன் துண்டைப் பார்த்தார். பிறகு பூட்டுப் போட்டிருந்த தகரப் பெட்டியைப் பார்த்தார். "வெலைய எழுதித்தான கவர்ல போட்டீக?"

"எழுதினது சொல்ற வெலைங்க. குடுக்கற வெலை வேறதானுங்களே."

பதினாறு வயதில் பொள்ளாச்சி மாட்டுச் சந்தைக்குள் கால் வைத்தவர் சென்னியப்பன். விலையை வாயால் சொல்வது அவருக்கு நடுத்தெருவில் வேட்டி மாற்றுவது மாதிரி. துண்டுக்கடியில் கையை விட்டு, எதிராளியின் விரலைப் பிடித்து, இவர் ஏற்றி, அவர் இறக்கி, கடைசியில் எங்கே நிற்கிறதோ அதுதான் விலை. முதலில் பிடிக்கிற விரல் சும்மா மரியாதைக்கு. அந்த மரியாதையை உத்தேசித்துத்தான் மூட்டை அறுபது ரூபாய்க்குக் கட்டுப்படியாகிற மாட்டுத் தீவனத்துக்கு நூற்றிருபது என்று எழுதி அரக்கு வைத்திருந்தார். துரை விரலைப் பிடித்து முப்பது இறக்குவார், இவர் அழுவது போல முகத்தை வைத்துக்கொண்டு தொண்ணூறுக்கு ஒத்துக்கொள்வார்.

"இது சந்தையில்ல அண்ணாச்சி. பேரமே கிடையாது. எழுதினதுதான் வெலை. எல்லார் கவரையும் ஒரே நாள் பிரிச்சு, சத்தமா வாசிச்சு, கொறைஞ்ச ஆளுக்கு ஆர்டர்."

"சத்தமாவா?" சென்னியப்பனுக்கு அதுதான் முதலில் உறைத்தது.

விஷயம் சின்னதல்ல. பனி பெய்கிற ஏதோ ஒரு நாடு, தன்னிடம் பணம் மிஞ்சிப் போனதாலோ மனசு இளகிப் போனதாலோ, வட்டவடைப் பக்கத்துக் குடும்பங்களுக்கு இருநூறு கலப்பினக் கன்றுகளை இலவசமாகக் கொடுக்கிறது. கன்றோடு நிற்காமல் மூன்று வருஷத்துக்குத் தீவனமும் தருகிறது. அந்தத் தீவனத்துக்குத்தான் டெண்டர், அந்த நாட்டிலிருந்து வந்த துரைதான் அதற்கு அதிகாரி.

வேலந்தாவளத்தில் சென்னியப்பன் கடையில் இரண்டு வருஷமாக வியாபாரம் இல்லை. மழை பொய்த்து, கிழக்குப் பாலக்காடு முழுக்க மாடுகளைச் சந்தைக்கு ஓட்டிவிட்டார்கள். மாடே இல்லாத ஊரில் பருத்திக்கொட்டையை யார் வாங்குவது? மூட்டைகளின் மேல் ஒரு பூனை குட்டி போட்டு, அந்தக் குட்டியும் வளர்ந்து குட்டி போட்டாயிற்று.

அதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். மச்சான் நஞ்சப்பனைத்தான் தாங்க முடியவில்லை. ரைஸ் மில் முதலாளி. போன வைகாசியில் ஒரு கல்யாணப் பந்தியில், சாம்பார் வாளிக்காரன் உட்பட எல்லார் காதிலும் விழும்படி, "மில்லுல வந்து மூட்டை எண்ணுங்க மாப்பிள்ளை. நெழல்ல உக்காந்து பாக்கற வேலை" என்று பெரிய மனசோடு சொல்லிவிட்டார். இந்த டெண்டர் கிடைக்காவிட்டால் ஆவணியில் அந்த நிழலில் போய் உட்கார வேண்டியதுதான். நஞ்சப்பனும் இதே டெண்டருக்குக் கவர் போடுகிறார் என்பது கூடுதல் எரிச்சல்.

"கவரைத் திருப்பி எடுத்துக்கலாமுங்களா?"

"பூட்டின பெட்டி. ஆனா கவலப்படாதீக. இன்னைக்குக் கடைசி நாளா இருந்துச்சு. ஏதோ ஒரு பார்ட்டி டைம் கேட்டுச்சுன்னு தொரை பதினஞ்சு நாள் தள்ளி வெச்சிட்டாக."

எந்தப் பார்ட்டி என்று குமாஸ்தாவுக்கும் தெரியவில்லை. துரை வட்டவடைக்குப் போயிருந்தபோது அங்கேயே முடிவானதாம். மச்சானைத் தவிர வேறு யாராக இருக்கும் என்று சென்னியப்பன் மனசுக்குள் பல்லைக் கடித்தார். ஆனாலும் பதினைந்து நாள் என்ற வார்த்தையில் அவருக்கு மூளை வேலை செய்தது. எதிர்க் கடையில் புதுக் கவர் வாங்கினார். அறுபத்திரண்டு என்று எழுதினார். ஓட்டமாக வந்து பெட்டியில் போட்டுவிட்டு, சாமர்த்தியத்தைச் சொல்லாமல் இருக்க முடியாமல் சுவக்கீனிடம் சொன்னார்.

சுவக்கீன் நெற்றியில் கை வைத்துக்கொண்டார். "ஒரு பேர்ல ரெண்டு கவர் இருந்தா ரெண்டையும் தள்ளிருவாக அண்ணாச்சி. நோட்டீஸ்ல மூணாம் பக்கம் பாக்கலியா?"

நோட்டீஸில் முதல் பக்கத்தோடு சென்னியப்பன் நின்றுவிட்டிருந்தார். மற்ற பக்கங்கள் கல்யாணப் பத்திரிகையில் தாய்மாமன் பெயர் வரிசை மாதிரி, சும்மா மரியாதைக்கு என்று நினைத்திருந்தார்.

மறையூர் வழியாக உடுமலை, அங்கிருந்து பொள்ளாச்சி, பிறகு வேலந்தாவளம். பஸ்ஸுக்கு பஸ் மாறி வீடு வந்து சேர்ந்தார். மனைவி ராமாத்தாள் சோறு போட்டாள். போன மாசம்தான் அவள் வட்டவடையில் சித்தி மகள் வீட்டுச் சீருக்குப் போய், ஒரு மூட்டை பூண்டோடு திரும்பியிருந்தாள். அன்றிலிருந்து வீட்டில் தினம் பூண்டுக் குழம்புதான். பூண்டை உரித்துக்கொண்டே கதை முழுவதையும் கேட்டாள்.

"போனாப் போகுதுங்க" என்றாள். "அண்ணன் மில்லுல ஃபேன் கூட இருக்குதுங்க."

அதன்பிறகு சென்னியப்பனுக்குத் தூக்கம் வரவில்லை. வேறு பெயரில் கவர் போட்டால் என்ன? மூன்று நாள் யோசித்து, கடையில் மூட்டை தூக்குகிற மொக்கையன் பெயரைக் கண்டுபிடித்தார்.

"தங்கமான மனுசனுங்க" என்றாள் ராமாத்தாள். "போன தடவை அவன் பேர்ல சைக்கிள் வாங்கினீங்களே, அது இப்ப யாரு ஊட்ல நிக்குதுங்க?"

அது மொக்கையனின் கொழுந்தியாள் வீட்டில் நின்றது. சென்னியப்பன் அந்த யோசனையைக் கைவிட்டார். அடுத்து தன் பெரியப்பா பெயர் வந்தது. அவர் காலமாகி நாலு வருஷம் ஆயிற்றே என்று ராமாத்தாள் மெதுவாக ஞாபகப்படுத்தினாள். மேலும் இரண்டு நாள் போயிற்று. ஏழாம் நாள் பல் விளக்கிக்கொண்டிருந்தவர் வாயில் நுரையோடு அடுப்படிக்கே ஓடிவந்தார்.

"உன்ற பேர்ல போட்டா?"

"என்ற பேர்லீங்களா?" ராமாத்தாள் கரண்டியைக் கீழே வைத்தாள். "எனக்கெதுக்குங்க அந்தப் பொல்லாப்பெல்லாம்."

அவளைச் சம்மதிக்க வைக்க அரை நாள் கெஞ்ச வேண்டியிருந்தது. வாழ்க்கையில் இவ்வளவு கஷ்டப்பட்டு எந்த மாட்டையும் வாங்கியதில்லை என்று அவருக்குத் தோன்றியது.

சம்மதித்த பிறகுதான் வேலை முளைத்தது. பெயர் மட்டும் போதாது, ஸ்தாபனம் வேண்டும். ஸ்தாபனத்துக்குப் பஞ்சாயத்து லைசென்ஸ் வேண்டும். லைசென்ஸ் வேண்டுமென்றால் கடை அவள் பெயரில் இருக்க வேண்டும். கடை அவள் பெயருக்கு வந்தால் கிடங்கும் வர வேண்டும், பாங்குக் கணக்கும் வர வேண்டும். ஒவ்வொரு தாளிலும் சென்னியப்பன் ஒப்பு போட்டார். ஒவ்வொன்றும் போடும்போது ஒரு பல்லைப் பிடுங்கிக் கொடுப்பது போலிருந்தது. ஐந்தாம் நாள் வாசலில் 'ராமாத்தாள் தீவனக் கிடங்கு' என்று போர்டு ஏறியது. பெயிண்டர் பழக்க தோஷத்தில் சின்னதாக ஒரு மாட்டுத் தலையும் போட்டிருந்தான். அதற்குச் சென்னியப்பனின் ஜாடை இருப்பதாகத் தெருவில் பேசிக்கொண்டார்கள்.

மறுநாள் சுவக்கீன் பஸ்ஸில் வந்து இறங்கினார். டெண்டருக்குப் பேர் கொடுத்த ஸ்தாபனம் நிஜமாக நடக்கிறதா, யார் நடத்துகிறார்கள் என்று பார்த்து எழுத வேண்டுமாம். அந்த நேரம் பார்த்து நஞ்சப்பனும் போர்டை வேடிக்கை பார்க்க வந்து நின்றார்.

கல்லாவில் ராமாத்தாள் உட்கார்ந்திருந்தாள். மூக்குத்தியும் பேனாவுமாக, பிறந்ததிலிருந்தே அங்கே உட்கார்ந்திருந்த மாதிரி இருந்தாள்.

"முதலாளி இவகதான்னு எழுதிக்கிட்டேன்" என்ற சுவக்கீன், மூட்டைகளுக்கு நடுவில் நின்ற சென்னியப்பனைப் பார்த்தார். "அப்ப அண்ணாச்சி இங்க யாரு?"

சென்னியப்பன் மனைவியைப் பார்த்தார். மனைவி பேரேட்டைப் பார்த்தாள். இரண்டாம் கடையில் நின்ற நாய் கூடப் பதிலுக்குக் காத்திருந்தது போலிருந்தது.

"நானுங்க..." தொண்டையைச் செருமினார். "மூட்டை எண்ற ஆளுங்க."

நஞ்சப்பன் சிரித்த சிரிப்பில் வாயிலிருந்த வெற்றிலை பாதி புதுப் போர்டில் போய் விழுந்தது.

கடைசி நாளுக்கு முந்தின சாயங்காலம் ராமாத்தாள் கைமுறுக்கு சுட்டு எடுத்துக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போய், அண்ணியோடு இருட்டும் வரை பேசிவிட்டு வந்தாள். இந்த நேரத்தில் என்ன உறவு வேண்டிக் கிடக்கிறது என்று சென்னியப்பன் முணுமுணுத்தார். விலையை அவளிடம் வாயால் சொல்லவே பயமாக இருந்தது. அதனால் துண்டை விரித்தார். அதற்கடியில் கட்டின மனைவியின் கையைப் பிடித்து அறுபத்திரண்டு என்று விரலால் சொன்னார். அவள் தலையாட்டினாள். கல்யாணமாகிப் பத்தொன்பது வருஷத்தில் அவர் அவள் கையை அவ்வளவு நேரம் பிடித்தது அதுதான் முதல் தடவை. இருவருக்குமே கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

மறுநாள் மூணாறு ஆபீஸில் துரை நடுவில் உட்கார, சுவக்கீன் கவர்களைப் பிரித்தார். இரண்டு கவர் போட்ட சென்னியப்பன் தள்ளுபடி. உடுமலைப்பேட்டைப் பார்ட்டி எழுபத்தாறு. நஞ்சப்பன் அறுபத்தாறு.

சென்னியப்பன் உள்ளங்கையைத் தேய்த்துக்கொண்டார். நாலு ரூபாய் வித்தியாசத்தில் ஜெயிக்கப் போகிறோம்.

"ராமாத்தாள் தீவனக் கிடங்கு, எழுபது."

அவர் தன் விரல்களை ஒரு தடவை எண்ணிப் பார்த்தார். நான் பிடித்த விரலைத் தப்பாக எண்ணிவிட்டாளே என்று பக்கத்தில் திரும்பினார். அவள் புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டிருந்தாள். முன் வரிசையில் நஞ்சப்பன் எழுந்து நின்று சட்டையை இழுத்து விட்டுக்கொண்டார். "ஆவணி ஒண்ணாந்தேதி நல்ல நாளுங்க மாப்பிள்ளை" என்றார்.

துரை கையை உயர்த்தி ஏதோ சொன்னார். சுவக்கீன் நோட்டீஸின் மூன்றாம் பக்கத்தைப் புரட்டி வாசித்தார். இந்த எழுபத்தைந்தாம் வருஷம் உலகமெல்லாம் மகளிர் ஆண்டு. பெண்கள் சொந்தமாக நடத்தும் ஸ்தாபனத்தின் விலை, குறைந்த விலையைவிடப் பத்து சதவீதத்துக்குள் கூடுதலாக இருந்தாலும் ஆர்டர் அவர்களுக்கே.

நஞ்சப்பன் நின்றவாக்கில் உட்கார்ந்தார். நாற்காலி கொஞ்சம் தள்ளி இருந்தது. அவரைத் தூக்கிவிட இரண்டு பேர் வேண்டியிருந்தது.

ராமாத்தாள் ஒப்பு போட்டாள். துரை எழுந்து கும்பிட்டார், அவளும் கும்பிட்டாள். அவர் முகத்தில் ஏதோ பழைய பாக்கி தீர்ந்த சந்தோஷம் இருந்தது. பஸ் ஸ்டாண்டு வரை கொண்டுபோய் விடச் சொல்லித் தன் ஜீப்பையே கொடுத்தார். டிரைவர் வேதமுத்து நடுத்தர வயசுக்காரர், துரைக்குத் தமிழ் புரிய வைப்பவரும் அவர்தான்.

ஜீப் வளைவில் இறங்கும்போது சென்னியப்பனுக்கு உயிர் திரும்பி வந்தது. "நான் புடிச்சது அறுபத்திரண்டாச்சே" என்று மெதுவாகக் கேட்டார்.

"புடிச்சது நீங்கதானுங்க" என்றாள் ராமாத்தாள். "எழுதினது நானுங்க."

எட்டு ரூபாய், மூட்டைக்கு, மூன்று வருஷத்துக்கு. மனசுக்குள் பெருக்கிப் பார்த்த சென்னியப்பனுக்கு மலைக்காற்று இனித்தது. பொண்டாட்டி விரலைத் தப்பாக எண்ணியதுகூட நல்லதாகவே முடிந்திருக்கிறது. ஒரு வெளிநாட்டு டெண்டரை ஜெயிப்பது எப்படி என்று யாருக்காவது சொல்லாவிட்டால் தலை வெடித்துவிடும் போலிருந்தது. டிரைவர் பக்கம் சாய்ந்தார்.

"பொம்பளை பேர்ல போட்டா என்னங்கற யோசனை எனக்குத்தானுங்க வந்துச்சு. பல் வெளக்கிட்டு இருந்தேன், பளிச்சுன்னு தோணிச்சு. பாவம், இவளுக்கு ஒண்ணும் தெரியாது, அரை நாள் கெஞ்சித்தான் ஒத்துக்க வெச்சேன்."

வேதமுத்து கண்ணாடியில் ராமாத்தாளைப் பார்த்தார். அவள் வெளியே தேயிலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் கியரை மாற்றினார்.

"அண்ணாச்சி, போன மாசம் வட்டவடையில தொரை ஜீப்ப மறிச்சு, நோட்டீஸ் மூணாம் பக்கத்தக் காட்டி நாள் நீட்டிக் கேட்டதே இந்த அம்மாதான. 'எங்க ஊட்டுக்காரருக்கு இந்த யோசனை தானா தோண ஒரு வாரம், கடைய என்ற பேருக்கு மாத்த ஒரு வாரம், பஸ்ஸுக்கு ஒரு நாள், பதினஞ்சு நாள் குடுங்க'ன்னாக. தொரைக்கு அத இங்கிலீஷ்ல சொன்னதே நாந்தான்."